இரட்டைக் கதவு வந்த நாள்

அத்தியாயம் பதினொன்று

பூட்டிய கதவு ஒன்று ஒரு வாரமாக அந்த வீட்டு நடையில் தனியாக நின்றுகொண்டிருந்தது. அதன் இரண்டு பக்கமும் சுவர் இல்லை.

போன வாரம் கொத்தனார் வந்து இடமும் வலமும் சுவரைத் தட்டி எடுத்து, மேலே விட்டம் ஏற்றிவிட்டுப் போயிருந்தார். பழைய ஒற்றைக் கதவை மட்டும் நிலையோடு அப்படியே விடச் சொல்லிவிட்டாள் எவான்தியா. சாவியையும் தர மறுத்துவிட்டாள். திறந்து கிடந்த இரு பக்கத்திலும் பழைய கம்பளிகளை ஆணியடித்துத் தொங்கவிட்டாள். வேண்டுமென்றால் யாரும் கம்பளியை விலக்கிக்கொண்டு பெரிய அறைக்குள் போயிருக்கலாம். யாரும் போகவில்லை.

மகன் லாம்பிஸின் உடலை ஓர் இரவு முழுக்க அந்த அறையில்தான் கிடத்தியிருந்தார்கள். ஜூலை மாதம் ட்ராமா ஊருக்குப் போகும் சாலையில் மோட்டார் சைக்கிளோடு விழுந்தவன். மறுநாள் அவனை எடுத்துப் போன பிறகு அவன் அம்மா அறையைப் பூட்டினாள். மெழுகு சொட்டிய தரையைத் துடைக்க விடவில்லை. சுவரோரமாகப் போட்ட நாற்காலிகளை எடுக்க விடவில்லை. அவன் கடைசியாக இருந்த இடம் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும் என்றாள். மற்றதை எல்லாம் கடவுள் எடுத்துக்கொண்டார், இந்த ஓர் அறையை மட்டும் யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அவள் கணவர் தெமிஸ் துறைமுகத்தில் கயிறும் வலையும் விற்கிறவர். அதிகம் பேசாத மனிதர். கிறிஸ்துமஸ் முடிந்து ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "பெரிய ரூமுக்கு இரட்டைக் கதவு போடப்போறேன்" என்றார். ஏன் என்று கேட்டதற்குத் தட்டோடு எழுந்துவிட்டார்.

மகள் ஃபானிதான் அவரோடு தச்சுப் பட்டறைக்குப் போனாள். வந்து சொன்னாள்: நகர்த்துகிற கதவு வேண்டாம் என்கிறார் அப்பா, தரையில் தண்டவாளம் இருந்தால் கால் தடுக்குமாம். ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல் என்று செய்வதும் வேண்டாமாம், இரண்டும் சம அகலம் வேண்டுமாம். இரண்டும் உள்பக்கம் திறந்து சுவரோடு சுவராகப் படிய வேண்டுமாம். கீழே குறுக்குக் கட்டை இருக்கவே கூடாதாம். ஃபானி கேட்டது மேல்பாதிக்குக் கண்ணாடி மட்டும், அலையலையான கண்ணாடி. அதற்கு மட்டும் அவர் தலையாட்டினார்.

"கல்யாண வீட்டுக் கதவு" என்றாராம் பட்டறைக்காரர்.

அந்த ஒரு சொல் எவான்தியாவின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

*

பிப்ரவரி பத்து. புனித ஹராலம்போஸ் திருநாள். அந்தப் பெயர்க்காரர்களுக்கு எல்லாம், அதாவது சுருக்கி லாம்பிஸ் என்று கூப்பிடப்படுகிறவர்களுக்கு எல்லாம், பெயர் நாள்.

பெயர் நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. நாள் வந்தால் ஊருக்கே தெரியும். மத்தியானத்துக்கு மேல் ஒவ்வொருவராக இனிப்புப் பெட்டியோடு வருவார்கள். லாம்பிஸ் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வாசலிலேயே நிற்பான். "வாங்க வாங்க, அம்மா உங்களுக்காக ராத்திரி பூரா தூங்கல" என்று கத்துவான். கண்ணாடித் தம்ளர் போதாமல் எவான்தியா பக்கத்து வீட்டில் கடன் வாங்குவாள்.

இந்த வருடம் ஊருக்கு இன்னொன்றும் தெரியும். ஆகவே யாரும் வரமாட்டார்கள்.

காலைப் பூசைக்குப் போய், இறந்தவனுக்காக வேகவைத்த கோதுமையை வைத்துவிட்டுத் திரும்பியபோது வாசலில் மூன்று சக்கர வண்டி நின்றது. அதில் போர்வை சுற்றிய இரண்டு நீளப் பொதிகள். கதவு மாட்ட வந்த சரண்டிஸ் மேஸ்திரி காதில் பென்சிலோடு கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். எவான்தியா கறுப்பு முக்காட்டைக்கூடக் கழற்றாமல் நேரே கணவரிடம் போனாள்.

"இன்னிக்கு என்ன நாள்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா இவரை வரச் சொன்னே?"

"தெரிஞ்சுதான் சொன்னேன்." தெமிஸ் அவளைப் பார்க்காமல் ஆணிப் பெட்டியைக் கிளறினார். "இந்த வீட்டுல இன்னிக்குக் கொஞ்சம் சத்தம் இருக்கட்டும். சும்மா உக்காந்துக்கிட்டு என்னால முடியாது, எவான்தியா."

"உன்னால முடியாதுன்னு என் பிள்ளை ரூமை உடைப்பியா?"

"என் பிள்ளையும்தான்."

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். குண்டு மனிதர், எங்கே போனாலும் சிரிப்பு மூட்டியே பழக்கப்பட்டவர். இந்த வீட்டில் அந்தச் சரக்கு விலைபோகாது என்று தெரிந்தும் வாய் சும்மா இருக்காது அவருக்கு.

"எவான்தியாம்மா, சாவி?"

"தர மாட்டேன்."

"சரிம்மா. மரியாதைக்குக் கேட்டேன். பூட்டைத் திறக்காமலே கதவை நிலையோட கழட்டிடுவேன்." தெமிஸின் பக்கம் திரும்பினார். "என் ஆளுக்குக் காய்ச்சல். இன்னிக்கு நீதான் எனக்கு எடுபிடி. கையை வெட்டிக்கிட்டா சம்பளம் கிடையாது."

கடப்பாரை போட்டு நெம்ப, நிலை முனகிக்கொண்டு பெயர்ந்தது. பூட்டியது பூட்டியபடி கதவு முழுசாகக் கையில் வந்துவிட்டது. சாவி எவான்தியாவின் மேலங்கிப் பையில் இருந்தது. விரல்களால் அதை இறுக்கிப் பிடித்தபடி அவள் சமையலறை வாசலில் நின்றாள்.

பின்முற்றத்துக்குப் போக நடையிலிருந்து சமையலறைக்குள் திரும்ப வேண்டும். கதவு நீளம். திரும்பவில்லை.

"நிமித்து" என்றார் மேஸ்திரி. "நேரா நிமித்திப் பிடிச்சா வளைஞ்சு வந்துரும்."

"வேண்டாம்."

"அட, அதான் வழி. தலைப் பக்கத்தைத் தூக்கு."

"நிமித்த வேண்டாம்னு சொல்றேன்!"

தெமிஸ் இப்படிக் கத்தி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. மேஸ்திரி பிடித்த பிடியில் அப்படியே நின்றார்.

"சரி. வேற எப்படி?"

"தெருவழியா சுத்திக்கிட்டுப் போவோம்."

"ஒரு பழைய கதவுக்கு ஊர்வலமா? மூலைக் காபிக் கடைக்காரன் நாளைக்கு என்னைப் பாத்துச் சிரிப்பான்."

ஆனாலும் போனார்கள். பூட்டிய கதவு இரண்டு பேர் தோளில் படுத்தபடி வாசலைத் தாண்டி வெயிலுக்குள் போவதை எவான்தியா பார்த்தாள். அவருக்கு என்ன ஆயிற்று என்று அவளுக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளும் நிலையிலும் அவள் இல்லை.

*

ஃபானி மருந்துக் கடை வேலைக்கு விடுப்புச் சொல்லியிருந்தாள். சமையலறையில் பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தாள். அம்மா உள்ளே வந்து முக்காட்டை நாற்காலி மேல் எறிந்த விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"சந்தோஷமா?" என்றாள் எவான்தியா.

"எதுக்கு?"

"ரூம் கிடைச்சிருச்சு இல்ல. ஈஸ்டர் முடிஞ்சதும் உன் யோர்தானிஸ் வீட்டுக்காரங்க வந்து உக்காரலாம். கண்ணாடிக் கதவு வழியா வெளிச்சம் வரும். அவன் கிடந்த இடத்துல நின்னு மோதிரம் மாத்திக்கலாம்."

"அம்மா."

"உங்க அப்பா உனக்குன்னா எதுவும் செய்வார். செத்தவன் கேக்க மாட்டான் பாரு. இருக்கிறவங்களுக்குத்தானே இடம் வேணும்."

ஃபானி கையிலிருந்த கத்தியை மெதுவாக மேசையில் வைத்தாள். "எனக்காகன்னா நினைச்சிக்கிட்டு இருக்கே? நான் கேட்டது கண்ணாடி மட்டும். கதவு கேட்டது அப்பா."

"உனக்காகத்தான் கேட்டார்."

"இல்ல."

"வேற யாருக்காக? அந்த அகலத்துக்கு? மாடு ஓட்டிக்கிட்டு வரப் போறோமா?"

நடையில் சுத்தியல் சத்தம் விழுந்துகொண்டிருந்தது. ஃபானி எழுந்துபோய்ச் சமையலறைக் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"அவனை எடுத்தப்போ நீ எங்க இருந்தே?"

"இது என்ன கேள்வி? இங்கதான் இருந்தேன். பொலிக்செனி அத்தை என்னை விடல. தண்ணி குடி, தண்ணி குடின்னு பிடிச்சு உக்கார வச்சுட்டா."

"இந்தக் கதவையும் சாத்தினாங்க."

"சாத்தினாங்க. நான் மயங்கி விழுவேன்னு."

"அதுக்கு இல்ல, அம்மா." ஃபானி கதவுப்பிடியைப் பின்னால் பற்றிக்கொண்டாள். "பெட்டி திரும்பல."

எவான்தியா சாத்திய கதவைப் பார்த்தாள்.

"ரூம் கதவு குறுகல். நடையும் குறுகல். அவன் உயரத்துக்குச் செஞ்ச பெட்டி. சாய்ச்சுப் பாத்தாங்க, சுவத்துல இடிச்சுது. பின்னால இழுத்து மறுபடியும் பாத்தாங்க. தலைப் பக்கம் முன்னால வச்சுப் பாத்தாங்க. ஜன்னல் வழியா இறக்கலாமான்னு யாரோ கேட்டாங்க. அப்பா, என் மகன் ஜன்னல் வழியா போக மாட்டான்னுட்டார். அப்புறம்..."

"அப்புறம்?"

"மூடியைப் போட்டு, நிமித்தினாங்க. நிக்க வச்சாங்க, அம்மா. நேரா."

எவான்தியா நாற்காலியைத் தேடினாள். கைக்கு மேசை விளிம்புதான் கிடைத்தது.

"மூடி ஆணி அடிக்காத மூடி. நழுவிருமேன்னு அப்பா அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டார். ரெண்டு கையாலயும் சுத்திப் பிடிச்சு, நெஞ்சை வச்சு அழுத்திக்கிட்டார். மத்தவங்க அடியில தூக்க, அப்பா பின்னால பின்னால நடந்து, அடி அடியா, நடை முடியற வரைக்கும். ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசல. அப்பா மட்டும் ஏதோ சொல்லிக்கிட்டே வந்தார்."

"என்ன சொன்னார்?"

ஃபானி தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"'ஆச்சு, ஆச்சு, இதோ ஆச்சுடா'ன்னு. சின்னப் புள்ளைக்கு ஊசி போடறப்ப சொல்வாங்களே, அந்த மாதிரி."

எவான்தியாவுக்கு அந்தச் சத்தம் நினைவுக்கு வந்தது. அன்று இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது நடையில் ஏதோ மோதியது. 'யாரோ மயங்கி விழுந்துட்டாங்க போல' என்றாள் பொலிக்செனி. அவளும் நம்பினாள். யார் விழுந்தது என்று அதற்குப் பிறகு கேட்கவே தோன்றவில்லை.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அப்பா வேண்டாம்னார். அவன் அமைதியாப் போனான்னு அவ நினைச்சுக்கட்டும்னார்." ஃபானி புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். "ஏழு மாசமா தினமும் ராத்திரி அந்த நடையில நிக்கிறார். நீ தூங்கிட்டதா நினைச்சுக்கிட்டு. நான் என் ரூம்லேருந்து பாக்குறேன்."

*

புதிய நிலை நின்றுவிட்டது. மேஸ்திரி ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பதும், ஆப்பு அடிப்பதும், திரும்ப ரசமட்டத்தை வைப்பதுமாக இருந்தார். தெமிஸ் இரண்டு கையாலும் நிலையைத் தாங்கிப் பிடித்திருந்தார். தலையிலும் புருவத்திலும் சுண்ணாம்புத் தூள்.

"ஆடாதே. நீ மூச்சு விட்டா எனக்குக் குமிழி நகருது."

"மூச்சு விடாம இருக்க முடியுமா?"

"பழகிக்கோ. இந்த அகலத்துக்கு ஒரு பியானோ உள்ளே போகும், அதை வாசிக்கிறவனும் கூடவே போகலாம். நான் இந்த ஊர்ல எத்தனையோ வீட்டுக்குப் போட்டிருக்கேன், இவ்வளவு அகலம் யாரும் கேட்டதில்ல."

தெமிஸ் நிலையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

வலது கதவை மாட்டினார்கள். கீலில் உட்கார்ந்து, தள்ளியதும் சத்தமில்லாமல் போய்ச் சுவரோடு படிந்தது. இடது கதவையும் மாட்டினார்கள். அது பாதி வழியில் போய் முட்டி நின்றது. அங்கே கண்ணாடி அலமாரி, விசேஷத் தம்ளர்களும் தட்டுகளும் அடுக்கியது.

"அதை நகர்த்தணும்" என்றார் மேஸ்திரி. "இல்லேன்னா பாதிதான் திறக்கும். பாதியும் போதும், ஆள் தாராளமா போகலாம்."

"பாதி போதாது."

"அப்போ நகர்த்துவோம்."

"அவ விட மாட்டா" என்றார் தெமிஸ். "உள்ள எதையும் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்கா. கதவுக்கு விட்டதே பெரிசு. இதுக்கு மேல கேக்க முடியாது."

எவான்தியா நடையில் நின்று இதைக் கேட்டாள். பிறகு இரண்டு பேரையும் தாண்டி, பெரிய அறைக்குள் காலை வைத்தாள்.

மூடிய துணிப்பெட்டியைத் திறந்தால் வருகிற வாடை. நாற்காலிகள் சுவரோரமாக அப்படியே இருந்தன. நடுவில் ஒன்றும் இல்லை. தரையில் மெழுகுச் சொட்டுகள் மேல் தூசி படிந்து சாம்பல் நிறமாகியிருந்தன. ஏழு மாதமாக இதற்குள் அவன் இருப்பதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். இருந்தது நாற்காலிகள்தான்.

அலமாரியைத் திறந்தாள். இரண்டு தம்ளர்களை எடுத்தாள்.

"ஃபானி! ஒரு தட்டு கொண்டா. பெரிசா."

மேஸ்திரி எதையோ புரிந்துகொண்டவராக, புகையிலையை வண்டியிலேயே விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அம்மாவும் மகளும் தம்ளர்களையும் தட்டுகளையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அந்தப் பெரிய தட்டில் வைத்தார்கள். தட்டு நிறைந்ததும் ஃபானி அதைச் சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

தெமிஸ் நிலைப் பக்கத்தில் அப்படியே நின்றார். எவான்தியா அவர் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"ரொம்பக் கனமா இருந்தானா?"

அவருக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. பிறகு அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார், யார் சொல்லியிருப்பார்கள் என்று தெரிந்துகொண்டார், கோபப்படவில்லை.

"கனம் தெரியல" என்றார். "உயரமா இருந்தான். என் தலைக்கு மேல போயிட்டான். நான் மேல பாத்துக்கிட்டே நடந்தேன்."

"உனக்கு உதவி பண்ண ஆள் இருந்தாங்களா?"

"இருந்தாங்க. ஆனா மூடியை நான் யாருக்கும் விடல."

எவான்தியா அலமாரியின் வெறும் தட்டைக் கையால் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

"இனிமே இந்த வீட்டுல யாரையும் நிமித்தக் கூடாது" என்றார் தெமிஸ். "நான் போறப்போ படுத்தே போகணும். நீயும் அப்படித்தான். அவ்வளவுதான் நான் கேட்டது. வேற ஒண்ணும் இல்ல. அவன் ரூமை எடுத்துக்கணும்னு இல்ல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே, மனுஷா."

"எப்படிச் சொல்றது?"

எவான்தியா அலமாரியை விட்டு வந்தாள். அருகில் போய் அவர் தோளில் படிந்த சுண்ணாம்பைத் தட்டினாள். தட்டிய கை அங்கேயே நின்றுவிட்டது.

"தள்ளு" என்றாள் பிறகு. "அந்த முனையை நீ பிடி. தூக்காதே, உன் முதுகு தாங்காது. தள்ளு."

அலமாரி கிறீச்சிட்டுக்கொண்டு ஜன்னல் ஓரம் போய்ச் சேர்ந்தது. இடது கதவு போய்ச் சுவரோடு சுவராகப் படிந்தது.

*

மத்தியானத்துக்கு மேல் வேலை முடிந்தது. ஃபானி பெரிய அறை ஜன்னலைத் திறந்துவிட்டாள். தெருக்கதவையும் விரியத் திறந்து வைத்துக் குப்பையைக் கூட்டினாள். மேஸ்திரி கண்ணாடியில் ஒட்டிய காகிதத்தைக் கிழித்துவிட்டு, மூன்று பேருக்கும் பாடம் நடத்தினார்.

"கைப்பிடி வலது பக்கம். தினப்படிக்கு இந்த ஒரு கதவு போதும். இடது பக்கத்துக்கு விளிம்புல ரெண்டு தாழ்ப்பாள். கீழ ஒண்ணு, மேல ஒண்ணு. அதைச் சும்மா சும்மா திறக்காதீங்க, தாழ் தேஞ்சிரும். ஏதாவது நல்லது கெட்டதுக்கு மட்டும். முதல்ல கீழ, அப்புறம் மேல. மாத்தினா கதவு தொங்கும். என்னைத் திட்டாதீங்க."

"திட்ட மாட்டோம்" என்றார் தெமிஸ்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

ஃபானி காலையிலிருந்து முதல்முறையாக லேசாகச் சிரித்தாள். அந்தச் சமயத்தில்தான் தெருவாசலில் நிழல் விழுந்தது.

இருபத்தைந்து இருபத்தாறு வயசுப் பையன். வெயிலும் உப்பும் ஏறிய முகம், மடிப்புக் கலையாத புதுக் கோட்டு. கையில் ரிப்பன் கட்டிய இனிப்புப் பெட்டி. திறந்த வாசலையும் நடையில் நின்ற ஆட்களையும் பார்த்ததும், விருந்துக் கூட்டம் என்று நினைத்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாக உள்ளே வந்தான்.

"லாம்பிஸ் வீடு இதுதானே? நான் ஸ்தமாதிஸ், லெம்னோஸ் தீவுல பட்டாளத்துல அவன்கூட இருந்தவன். நீங்கதான் எவான்தியாம்மா! அவன் சொன்ன அதே மூக்கு!" அவன் அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினான். "புள்ள நூறு வயசு இருக்கட்டும், தாயே! கண் குளிரப் பாத்துக்கிட்டு இருங்க!"

பெயர் நாளில் பெற்றவர்களுக்கு எல்லாரும் சொல்கிற வாழ்த்துதான். ஒவ்வொரு வருடமும் அவள் கேட்டதுதான்.

ஃபானி துடைப்பத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். மேஸ்திரி காதிலிருந்த பென்சிலை எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பக் காதிலேயே செருகினார்.

"போன வசந்தத்துல கப்பல் ஏறினவன், முந்தாநாள்தான் பிரேயஸ்ல இறங்கினேன். பெயர் நாளுக்கு வாடா, அழைப்பெல்லாம் கிடையாது, ஊர்ல யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவாங்கன்னு சொல்லியிருந்தான். நான் யாரையும் கேக்கல, முகவரி மனப்பாடம். ஆகா, நாளைக் கொண்டாட புதுக் கதவு வேறயா! பெரிய இடம்தான்!" அவன் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு தெமிஸிடம் திரும்பினான். "மாமா, அவன் கேட்டது கிடைச்சிருச்சுன்னு சொல்லணும். எங்க கேப்டன் சரின்னுட்டார். மார்ச்சுல கப்பல்."

தெமிஸின் கை நிலையைப் பற்றியது.

"என்ன கேட்டான்?"

"உங்ககிட்ட சொல்லலையா?" ஸ்தமாதிஸ் நாக்கைக் கடித்துக்கொண்டான். "போச்சு. சரி, அவனே சொல்லட்டும், நான் வாய் திறக்கல. எங்க ஆளு? இன்னும் தூக்கமா?"

அப்போதுதான் அவன் எவான்தியாவை முழுசாகப் பார்த்தான். கழுத்திலிருந்து கால்வரை கறுப்பு. தெமிஸின் சட்டைக் கையில் கறுப்புப் பட்டை. அவன் முகம் மாறியது. இனிப்புப் பெட்டியைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டு போனான்.

"மன்னிச்சுக்கங்க. நான் பாக்கவே இல்ல. யாரு தவறிட்டாங்க? வீட்டுப் பெரியவங்க யாராவதா?" குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அவன் ஒரு வரி எழுதல பாருங்க."

தெமிஸ் சொல்ல வாயைத் திறந்தார். எவான்தியா அவர் கையை லேசாகத் தொட்டு நிறுத்தினாள்.

"உள்ள வாப்பா" என்றாள். "நடையில நிக்காதே."

குனிந்து இடது கதவின் கீழ்த் தாழை எடுத்தாள். எட்டி மேல் தாழையும் எடுத்தாள். ஓர் ஆள் நுழைய வலது கதவே போதும். அவள் இரண்டையும் திறந்து சுவரோடு சாத்திவிட்டு, ஜன்னல் பக்கத்து நாற்காலியின் தூசியைத் தன் மேலங்கியால் துடைத்தாள்.

"உக்காரு. காபி எப்படிக் குடிப்பே?"

"நடுத்தரமா, எவான்தியாம்மா. சர்க்கரை ரொம்ப வேண்டாம்."

அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, நடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான், எந்தக் கதவிலிருந்து நண்பன் வருவான் என்று.

சமையலறையில் எவான்தியா பித்தளைக் குடுவையில் தண்ணீர் அளந்து ஊற்றினாள். ஃபானி பின்னாலேயே வந்தாள்.

"அம்மா, யாரு சொல்றது?"

"நான் சொல்றேன்."

"எப்போ?"

"காபி ஆகட்டும்."

தூளைப் போட்டாள். சர்க்கரை போட்டாள். தீயைப் பற்றவைத்து, குடுவையை வைத்து, கரண்டியால் ஒரு சுற்றுக் கலக்கிவிட்டு நின்றாள். பெரிய அறையிலிருந்து அந்தப் பையன் மேஸ்திரியிடம் ஏதோ கேட்பது கேட்டது. லாம்பிஸ் இப்பவும் அந்த உடைசல் மோட்டார் சைக்கிளைத்தான் ஓட்டுகிறானா என்று.

நுரை பொங்கி வரச் சற்று நேரம் பிடிக்கும். அதுவரைக்கும் இந்த வீட்டில் ஒருவனுக்கு லாம்பிஸ் உயிரோடு இருந்தான்.

எவான்தியா குனிந்து, தீயை இன்னும் கொஞ்சம் குறைத்தாள்.